ஆக்குபேஷனல் தெரபி வேலை: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதல் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

அரசாங்கத் தாள்களில் இந்தத் துறைக்குப் பெயர் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதுகிறோம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எல்லாருக்கும் அது ஓ.டி. தான். ‘தொழில்’ என்ற சொல்லைக் கேட்டதும் வேலை வாங்கித் தரும் இடம் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தொழில் என்றால் ஒருவர் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை செய்யும் எல்லாமே: பல் துலக்குவது, வேட்டி கட்டுவது, குழம்பு வைப்பது, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவது. கை எவ்வளவு உயரம் போகிறது என்று அளப்பது பாதி வேலை. அந்தக் கையால் சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி.

படித்து முடித்தவருக்கு முன்னால் பல வாசல்கள் இருக்கின்றன. பொது மருத்துவமனை, அரசாங்க கிளினிக், சிறார் மையம், மனநல மையம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வழியாக வரும் தொழிலாளர் மறுவாழ்வு, வீடு தேடிப் போகும் சேவை, தனியார் மருத்துவமனை. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதல் இரண்டு ஆண்டுகள், பலவகை நோயாளிகள் வருகிற, பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிற இடத்தில் வேலை செய்யுங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. காரணம் கீழே ஒவ்வொரு பகுதியிலும் தானாகவே தெரியும்.

சேர்வதற்கு முன்

நீங்கள் படித்த கல்வித்தகுதி இங்கே பதிவுக்கு ஏற்கப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கோலாலம்பூரில் யூ.கே.எம்., புஞ்சாக் ஆலாமில் யூ.ஐ.டி.எம். ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டு. சுகாதார அமைச்சின் சுங்கை பூலோ பயிற்சிக் கல்லூரியில் டிப்ளோமா உண்டு. வெளிநாட்டில் படித்தவர்கள் களப்பயிற்சி மணிக்கணக்கைத் தாளில் காட்டத் தயாராக இருக்க வேண்டும். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சம்மேளனம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 1000 மணி நேரம். எந்தப் பிரிவில் எத்தனை வாரம், யார் மேற்பார்வை என்று கல்லூரியிடமே கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கி ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அலைய வேண்டிவரும்.

அடுத்தது பதிவு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றத்தில் பெயரைப் பதிந்து, பணிபுரிவதற்கான சான்றிதழும் எடுக்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு. பதிவு ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, சான்றிதழைப் புதுப்பிக்க மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. காலாவதி நாளைக் கைப்பேசியில் மூன்று மாதம் முன்னதாகவே நினைவூட்டலாக வையுங்கள். பயிலரங்குக்குப் போனால் வருகைச் சான்றை அன்றே படம் எடுத்து ஒரே கோப்பில் சேருங்கள்.

அரசாங்க நிரந்தரப் பதவிக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் கட்டாயம். விண்ணப்பம் பொதுச்சேவை ஆணையம் வழியாகப் போகும். மூத்தவர்கள் இன்னும் யூ29 (டிப்ளோமா தரம்), யூ41 (பட்டத் தரம்) என்று பேசுவார்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் அவை யூ5, யூ9 ஆகிவிட்டன. ஒப்பந்த நியமனமும் உண்டு என்பதால், கடிதத்தில் கால அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பொது மருத்துவமனை

கோலாலம்பூர் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் யூ.கே.எம்.மின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, அதே செராஸில் மறுவாழ்வுக்கென்றே கட்டிய மருத்துவமனை, பினாங்கில் ஜி.எச். எனும் பொது மருத்துவமனை, செபராங் ஜெயா மருத்துவமனை. பெயர்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் வேலையின் அடிப்படை ஒன்றுதான். வார்டு, வெளிநோயாளி, கை சிகிச்சை, சிறார் என்று சுழற்சியில் போடுவார்கள். அந்தச் சுழற்சிதான் புதியவருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து.

பக்கவாத வார்டில் ரெஃபரல் தாள் கைக்கு வந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போகாதீர்கள். முதலில் நோயாளியின் கோப்பு. இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது, விழுங்கலாம் என்று பேச்சுச் சிகிச்சையாளர் அனுமதி தந்திருக்கிறாரா, காலில் எடை போடலாமா என்ற மூன்றையும் பாருங்கள். பிறகு தாதியிடம் ஒரு வார்த்தை. படுத்த நிலையில் அழுத்தத்தை எடுத்து, உட்கார வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, முகம் வெளுத்து வியர்த்தாலோ, உடனே படுக்க வைத்துவிட்டுத் தாதியிடம் சொல்லுங்கள். வாதம் வந்த பக்கத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. தளர்ந்த தோள்மூட்டு இறங்கிப்போகும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். இதை நீங்கள் தெரிந்துகொண்டால் போதாது. கட்டிலருகே நிற்கிற மகனுக்கும் மருமகளுக்கும் செய்து காட்டுங்கள், ஏனென்றால் நாள் முழுக்கத் தூக்குவது அவர்கள்தான்.

சாப்பாட்டுப் பயிற்சியில் நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வலது கை விழுந்தவருக்கு இடது கையால் சாப்பிடப் பழக்குவது பாடப்புத்தக வழி. நம் பெரியவர்கள் பலருக்கு இடக்கையைச் சோற்றில் வைப்பது உயிரை எடுப்பது போல. வாயைத் திறக்க மாட்டார்கள், “பசிக்கலம்மா” என்று சொல்லிவிடுவார்கள். நீங்களும் பசி இல்லை என்று குறிப்பெழுதிவிடுவீர்கள். “ஐயா, இடது கையில கரண்டி பிடிச்சுச் சாப்பிட்டா உங்களுக்குப் பரவாயில்லையா? இல்ல, வலது கைக்கு நான் முட்டு கொடுத்துச் சேர்ந்து செய்வோமா?” என்று முதலில் கேளுங்கள். மலாய்க்கார நோயாளிகளிடமும் இதே தயக்கம் உண்டு. அன்றாடச் செயல்களை அளக்கும் பார்த்தெல் அட்டவணையில் உணவு என்ற வரிக்குப் புள்ளி போடும்போதும், கத்தி முள்கரண்டியை மறந்துவிட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகிறாரா என்று பாருங்கள்.

நினைவாற்றல் சோதனையும் அப்படித்தான். மோகா சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. மொத்தம் 30 புள்ளி, 26க்குக் கீழே என்றால் மேலும் ஆராய வேண்டும், 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு புள்ளி சேர்க்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டிக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? கடிகாரம் வரையச் சொன்னால் பென்சில் பிடித்தே பழக்கமில்லாதவர் திணறுவார். அதை மறதிநோய் என்று எழுதிவிடாதீர்கள். பள்ளி போகாதவர்களுக்கென்று மோகாவிலேயே தனி வடிவம் இருக்கிறது. இல்லையென்றால், தேநீர் கலக்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைப்பது, தூள், சீனி, அடுப்பை அணைப்பது என்ற வரிசையில் எங்கே தடம் மாறுகிறார் என்று குறித்துக்கொண்டால், வீட்டில் எது ஆபத்து என்பது கையோடு தெரிந்துவிடும்.

கை சிகிச்சைப் பிரிவில் ஸ்பிளிண்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் அச்சு, செய்வது தினசரி வேலை. கல்லூரியில் நான்கைந்து செய்திருப்பீர்கள். இங்கே ஒரு வாரத்தில் அவ்வளவு செய்வீர்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும்படி தாளில் அச்சு வரையுங்கள். கை வீங்கியிருந்தால் நல்ல கையை வரைந்து தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். 3.2 மில்லிமீட்டர் தெர்மோபிளாஸ்டிக்கை (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஏறத்தாழ ஒரு நிமிடம் போட்டு, எடுத்துத் துடைத்து, உங்கள் முன்கையில் வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகே நோயாளியின் மேல் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். விரல் நுனியால் அழுத்தாதீர்கள், உள்ளங்கையால் தடவிக் கொடுங்கள். விரல் பதிந்த பள்ளம் உள்பக்கம் மேடாகி, அங்கேதான் தோல் புண்ணாகும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க எலும்பு முனைக்கு மெத்தைத் துண்டை முதலில் தோலில் ஒட்டி, அதன் மேல் வார்க்க வேண்டும். வார்த்து முடித்தபின் உள்ளே ஒட்டினால் இடம் இன்னும் இறுகி, அழுத்தம் கூடத்தான் செய்யும். மணிக்கட்டை மட்டும் தாங்கும் ஸ்பிளிண்டில் விளிம்பு உள்ளங்கையின் மேல் ரேகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விரல்கள் அடியில் மடங்காமல் கை விறைத்துவிடும்.

மாட்டிவிட்டு உடனே அனுப்பிவிடாதீர்கள். 20, 30 நிமிடம் போட்டிருக்கச் சொல்லிக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த இடத்தைச் சூடாக்கி விரியுங்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஸ்பிளிண்டை வைக்கக் கூடாது, உருகி வளைந்துவிடும். வெந்நீரில் கழுவவும் கூடாது. வியர்வைக்கு உள்ளே பருத்திக் காலுறைத் துணி போட்டு, ஒரு நாளைக்கு இருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

விரலை மடக்கும் தசைநாண் வெட்டுப்பட்டுத் தைத்தவர்கள் தனிக் கவனம் கேட்பார்கள். தையல் மிகவும் பலவீனமாக இருப்பது முதல் மூன்று வாரத்தில். வலி குறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் வாளியைத் தூக்குவார், தையல் அறுந்துவிடும். கையை மடக்கிய நிலையில் காக்கும் ஸ்பிளிண்டைப் பொதுவாக ஆறு வாரம் போட வேண்டியிருக்கும், பாரம் தூக்க 12 வாரம் பொறுக்க வேண்டும். உங்கள் அறுவை மருத்துவர் எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டுக் கோணம் மாறும், ஊகிக்க வேண்டாம்.

தீக்காயத் தழும்புக்கு அழுத்த உடை தைப்பதும் பல அரசாங்க மருத்துவமனைகளில் ஓ.டி. அறையில்தான். ஒரு நாளில் 23 மணி நேரம், 12 முதல் 18 மாதம் வரை போட வேண்டும். நம் வெயிலில் இரண்டாம் வாரமே கழற்றிவிடுவார்கள். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். அரிப்பா, முதலாளி பார்க்கிறாரா, மாற்று உடை இல்லையா? எப்போதும் இரண்டு கொடுங்கள். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் துணி தளர்ந்துவிடும், மறுபடி அளவெடுக்க வேண்டும்.

சிறார் மையம்

புதியவர்கள் கண்ணில் அதிகம் படும் விளம்பரம் இதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்குத் தீவிலும் தனியார் மையங்கள் நிறைய. இவற்றோடு நாசோம் நடத்தும் ஆட்டிசம் மையங்கள், பினாங்கு ஸ்பாஸ்டிக் சிறார் சங்கம் போன்ற தொண்டமைப்புகள், செந்தூலில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான ஜீனியஸ் குர்னியா, அரசாங்க மருத்துவமனைகளின் சிறார் பிரிவு ஆகியவையும் உண்டு. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஓ.டி. வேலை என்பது இங்கே அரிது. தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளையும் மருத்துவமனைக்கோ மையத்துக்கோதான் வர வேண்டியிருக்கிறது.

நேராக இங்கே சேருவதில் எங்களுக்கு உள்ள தயக்கம் ஒன்றுதான். பல மையங்களில் நீங்கள் ஒருவரே ஓ.டி. ஆக இருப்பீர்கள். அடிக்கடி விழும் பிள்ளைக்குத் தசைநோய் இருக்கலாம், வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்கு வலிப்பு இருக்கலாம். பார்த்துப் பழகாத கண்ணுக்கு எல்லாமே புலன்சார் சிக்கலாகத் தெரியும். தப்பு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. அப்படியும் சேருவதென்றால், வாரம் ஒருமுறையாவது வெளியிலிருந்து ஒரு மூத்தவர் மேற்பார்வை தருவதற்கு ஒப்பந்தத்தில் இடம் கேளுங்கள்.

ஒரு மணி நேர அமர்வைப் புதியவர்கள் முழுக்க ஊஞ்சலில் ஓட்டிவிடுகிறார்கள். பிள்ளை சிரிக்கும், பெற்றோர் மகிழ்வார்கள், ஆனால் ஆறு மாதம் கழித்தும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ஐந்து நிமிடம் அறைக்குப் பழக, பதினைந்து நிமிடம் உடலசைவு, இருபது இருபத்தைந்து நிமிடம் மேசை வேலையோ உடை மாட்டும் பயிற்சியோ, மீதி நேரம் பெற்றோரோடு. அந்தக் கடைசி கால் மணி நேரத்தைப் பறிகொடுக்காதீர்கள். இலக்கை எண்ணக்கூடியதாக எழுதுங்கள்: “சட்டையின் நான்கு பொத்தானில் மூன்றை, ஒரே ஒரு முறை நினைவூட்டினால், வாரத்தில் நான்கு நாள் தானே போடுவான்.” கவனம் மேம்படும் என்று எழுதினால், மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊஞ்சல் கொக்கி எவ்வளவு எடை தாங்கும் என்று மையத்தாரிடம் தாளில் கேளுங்கள். பிள்ளையின் எடையை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது, வேகமாக ஆடும்போது பாரம் பல மடங்காகும். கீழே தடித்த மெத்தை இல்லாமல் ஏற்றாதீர்கள். சுழற்றும் முன் வலிப்பு வந்ததுண்டா என்று கேளுங்கள். பிள்ளை வெளுத்தாலோ, வியர்த்தாலோ, திடீரென்று அமைதியானாலோ நிறுத்திவிடுங்கள். வாந்தி அரை மணி கழித்து காரிலும் வரும்.

எழுதச் சிரமப்படும் பிள்ளைகள் ஏழு வயதில், முதலாம் ஆண்டில், அலையாக வருவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குச் சுமை கூடுதல். ஒரே நேரத்தில் தமிழ் எழுத்தும் ரூமி எழுத்தும் (மலாய்க்கு எழுதும் ரோமன் எழுத்து) பழக வேண்டும். ரூமியில் கோடும் அரை வட்டமும் வந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஞ, ணை, ஐ போன்றவற்றில் சுழி உள்ளே திரும்பி மறுபடி வெளியே வர வேண்டும், கையை எடுக்காமல். ஆகவே எழுத்துக்குப் போகும் முன் வடிவத்தைச் சோதியுங்கள். வட்டம் மூன்று வயதை ஒட்டி, கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி, சதுரம் ஐந்துக்குள், முக்கோணம் ஐந்தைத் தாண்டி வரும். முக்கோணம் வராத பிள்ளையிடம் ‘ஞ’ கேட்பது வீண். முதலில் ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகள், பிறகு ஒரே சுழி உள்ளவை, கடைசியில் இரட்டைச் சுழி. இந்த வரிசையை வகுப்பாசிரியரோடும் பேசுங்கள். பள்ளியில் வரிசை வேறாக இருக்கலாம், பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

“எப்போ பேசுவான்?” என்று தாய் கேட்பார். அது பேச்சுச் சிகிச்சையாளரின் துறை. பரிவோடு சொல்லி அங்கே அனுப்புங்கள், மாதக் கணக்கு சொல்லாதீர்கள்.

மனநலம்

பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சமூகத்தில் இயங்கும் மெந்தாரி மையங்கள், தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று வேலை இருக்கிறது. வெட்டித் தைக்கும் குழு அமர்வு என்றால் கத்தரி, ஊசி ஆகியவற்றைத் தொடங்கும் முன் எண்ணி எழுதுங்கள், முடிந்ததும் எண்ணிச் சரிபார்த்த பிறகே கதவைத் திறங்கள். நீங்கள் கதவுப் பக்கம் உட்காருங்கள். முதல் குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

மெந்தாரியில் நோயாளியை வேலைக்குச் சேர்த்து, அங்கேயே உடன் நின்று பழக்கும் பணி ஓ.டி.யிடம் வரும். பெரும்பாலும் முதல் வாரம் நன்றாகப் போகும். மாத்திரையின் தூக்கம் காலைப் பணிமுறையோடு மோதும்போது மூன்றாம் வாரம் நின்றுவிடுவார். ஆகவே நேரத்தை மருத்துவரோடு பேசி முதலிலேயே சரிசெய்யுங்கள். நோயைப் பற்றி முதலாளியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள். குடும்பம் முதலில் கோயிலுக்கோ மந்திரிப்பவரிடமோ போய்விட்டு வந்திருந்தால் குறை சொல்லாதீர்கள். அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

சொக்சோவும் தொழிற்சாலையும்

வேலையில் அடிபட்டவரை மறுபடி வேலைக்குக் கொண்டுபோகும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் அதற்கென்றே மறுவாழ்வு மையம் கட்டி 2014இல் திறந்தது. ஒவ்வொருவருக்கும் அலுவலர் ஒருவர் பொறுப்பு. உங்கள் அறிக்கையை அவரும் முதலாளியும் படிப்பார்கள், மருத்துவச் சொற்களை அடுக்கினால் பயன்படாது. எத்தனை கிலோ, எந்த உயரத்திலிருந்து, ஒரு மணிக்கு எத்தனை முறை என்று எழுதுங்கள். கைப்பிடி வலுவை ஜாமார் கருவியில் இரண்டாம் நிலையில், ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். அதோடு நின்றுவிடாமல் வேலையிடத்துக்கே போங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அங்கே நின்றுகொண்டே நுண்ணிய பாகம் பொருத்துபவருக்கும், புறநகர்க் கிடங்கில் அரிசி மூட்டை அடுக்குபவருக்கும் ‘முதுகுவலி’ என்ற ஒரே சொல்தான் தாளில் இருக்கும். அளவு நாடா ஒன்றும், எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றும் பையில் இருந்தால் போதும்.

வேலையிட உடலமைவு ஆய்வு தனித் துறையாக வளர்ந்து வருகிறது. டோஷ் (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) 2017இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்து, அதற்குரிய பயிற்சியையும் எடுத்தபிறகே அதில் கால் வையுங்கள்.

வீடு தேடிப் போகும் வேலை

சமூகநலத் துறையின் பி.டி.கே. (சமூகவழி மறுவாழ்வு) மையங்கள் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவின. அங்கே நாள்தோறும் பிள்ளைகளோடு இருப்பவர்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள். ஓ.டி. அவ்வப்போது போவார். நீங்கள் கற்றுக் கொடுப்பது நீங்கள் இல்லாத நாட்களிலும் நடக்க வேண்டும் என்பதால், மூன்று பயிற்சிக்கு மேல் தராதீர்கள். படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போனால் வாசலிலிருந்தே தொடங்குங்கள். கீழ்த்தளத்திலிருந்து எத்தனை படி, மின்தூக்கி இருக்கிறதா, இரும்புக் கிரில் கதவு முழுக்கத் திறக்கிறதா? சக்கர நாற்காலியின் மொத்த அகலம் சுமார் 65 சென்டிமீட்டர். கையும் நுழைய இடம் வேண்டுமே, கதவு 80 இருந்தால் நிம்மதி. சாய்தளம் 1க்கு 12 என்ற கணக்கு. 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்போது கழற்றி வைக்கும் பலகையும், பின்னால் பிடிக்க ஓர் ஆளும் தேவை என்று தெளிவாக எழுதுங்கள். செங்குத்தான சாய்தளம் படியைவிட ஆபத்து.

குளியலறைதான் பெரும்பாலும் ஆளை விழவைக்கும் இடம். பழைய மலிவு வீடுகளில் குந்தும் கழிவறை, ஈரத் தரை, வாசலில் ஒரு கட்டை. குந்தும் கழிவறை மேல் துளையுள்ள நாற்காலியை வைக்கலாம், ஆனால் நான்கு காலும் சமதளத்தில் நிற்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். இருக்கை உயரம் 45 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் எழுவது எளிது. துணி தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழும் பழக்கம் பலருக்கு உண்டு, அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சுவரில் திருகிய பிடிகம்பி வேண்டும். ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதம் தேவைப்படும் வாடகை வீடா என்பதையும் கேளுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு, பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது. எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்வார். தாழ்ந்த நாற்காலி கூடாது என்று சொல்லிவிட்டு, பூஜையறையில் தரையில் உட்காருவதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கீழ்த்தட்டில் இருக்கும் சாமி விளக்கை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குள் ஏற முடியுமா என்று கேட்பார்கள். பத்துமலை 272 படி, பினாங்கின் தண்ணீர்மலை ஐந்நூறைத் தாண்டும். முடியாது என்று ஒரே சொல்லில் முடிக்காமல், வீட்டு மாடிப்படியில் வாரத்துக்கு எத்தனை கூட்டலாம் என்று பிசியோவோடு சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுங்கள். இந்த வருடம் அடிவாரத்தில் நின்று கும்பிட நாற்காலி வைக்கும் இடத்தையும் குடும்பத்தோடு பேசி வையுங்கள்.

தனியார் மருத்துவமனை

பினாங்கின் தனியார் மருத்துவமனைகளுக்கு மேடானிலிருந்தும் சுமத்ராவின் மற்ற ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இரண்டு மூன்று நாள்தான் உங்களிடம் இருப்பார்கள். ஆகவே முதல் நாளே வீட்டுப் பயிற்சித் தாளை இந்தோனேசிய மொழியில் எழுதி, உடன் வந்தவரைச் செய்ய வைத்து அவர் கைப்பேசியிலேயே காணொளி எடுத்துக் கொடுங்கள். மலாய்ச் சொல்லும் இந்தோனேசியச் சொல்லும் சில இடங்களில் பொருள் மாறும். எழுதியதைத் தாதி ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். சம்பளத்தோடு நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ற கமிஷனும் சில இடங்களில் உண்டு. அதை மட்டும் பார்த்துச் சேராதீர்கள்.

நேர்முகத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை

கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாய்மூடி இருந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி, குறிப்பெழுத நேரம் ஒதுக்கியிருக்கிறதா? ஒரு மணி நேர அமர்வில் தொடர்ந்து எட்டுப் பிள்ளை என்றால் குறிப்பு இரவில் வீட்டில்தான். எனக்கு மேலே யார் பார்ப்பார், அவர் பதிவு பெற்ற ஓ.டி. தானா? சோதனைக் கருவிகள் அசலா, நகலெடுத்த தாளா? பெற்றோர் கடைசி நேரத்தில் வராவிட்டால் என் சம்பளம் குறையுமா? பயிற்சிக்கு அனுப்பினால் எத்தனை மாதம் கட்டுப்பட்டு இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

நீங்கள் பார்க்காத பிள்ளைக்கு அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும் இடத்தில் சேராதீர்கள். உங்கள் பதிவு எண் அதில் இருக்கும், மன்றம் உங்களைத்தான் கேட்கும். முடிந்தால் ஒரு முழு நாள் உடனிருந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் தெரபிஸ்டுகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதிலேயே அந்த இடம் புரிந்துவிடும்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் ஒவ்வொரு புதிய நோயாளியையும் பார்த்த அன்றே மூத்தவரிடம் ஐந்து நிமிடம் சொல்லிக் காட்டுங்கள். என்ன கண்டேன், என்ன செய்யப்போகிறேன், எதில் எனக்குச் சந்தேகம் என்று மூன்று வாக்கியம் போதும். பினாங்கில் கொஞ்சம் ஹொக்கியன், கோலாலம்பூரில் கொஞ்சம் கன்டோனிஸ் பழகிக்கொள்ளுங்கள். வலிக்கிறதா, மெதுவாக, மறுபடி, போதும் ஆகிய நான்கு சொல்லே பெரிய உதவி.

தமிழ் பேசும் தெரபிஸ்ட் என்று தெரிந்ததும் மற்ற வார்டுகளிலிருந்து மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். போங்கள், அந்தப் பாட்டிக்கு உங்களைவிட்டால் ஆளில்லை. ஆனால் உங்கள் நோயாளியின் நேரத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போன நேரத்தைத் துறைத் தலைவருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். அறுவைச் சிகிச்சைக்கான சம்மதத்தை மொழிபெயர்க்கச் சொன்னால், மருத்துவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம் மாத முடிவில் உங்கள் குறிப்பேட்டை எடுத்து, எந்த வகை நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று எண்ணுங்கள். அந்தப் பட்டியலோடு போய் அடுத்த சுழற்சியைக் கேளுங்கள்.